சிவப்புப் புள்ளியை அமுக்கியவர்

புதிதாகப் பிராடக்ட் மேனேஜர் வேலையில் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். உங்கள் கூட்டத்துக்கு வந்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருந்தீர்கள். முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். வலி உண்மைதான். ஆனால் ஆரணியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் வர முடியாத அளவுக்கு இல்லை. மைக்கைக் கையில் கொடுத்தால் நான் எல்லாவற்றையும் வெற்றிக் கதையாக மாற்றிவிடுவேன், அந்தக் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. எழுதினால் கொஞ்சம் யோக்கியமாக இருப்பேன் என்று நினைத்தேன்.

அழைப்பில் ஒரு கேள்வியும் இருந்தது. "எந்த ஃபீச்சரை முதலில் செய்வது என்று முடிவெடுக்க நீங்கள் பயன்படுத்தியதிலேயே சிறந்த முறை எது?" படித்ததும் சிரிப்பு வந்தது. முறைக்கு என்னம்மா பஞ்சம்? மதிப்பெண் போட்டுப் பெருக்கி வகுக்கும் முறை, கட்டம் போட்டு நாலு மூலையில் ஒட்டும் முறை, 'கட்டாயம் வேண்டும், இருந்தால் நல்லது, இப்போது வேண்டாம்' என்று பிரிக்கும் முறை, ஆளுக்குப் பத்துப் பொட்டு கொடுத்து ஓட்டுப் போடச் சொல்லும் முறை. எல்லாவற்றையும் செய்திருக்கிறேன். எல்லாமே நல்ல முறைகள்தான். அவற்றுக்குள் நான் என்ன போட்டேன் என்பதில்தான் வில்லங்கம்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் என் வீட்டில் யாருக்கும் இது என்ன வேலை என்றே புரியவில்லை. அப்பா ஆரணியில் ஒரு ரைஸ் மில்லில் மேற்பார்வை பார்த்தவர். "உனக்குக் கீழ எத்தன பேரு?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். "அப்புறம் என்னா மேனேஜரு?" என்றார். அவருக்கு என்னால் கடைசிவரை விளக்க முடியவில்லை. என்ஜினீயர்கள் ஆறு பேர், செய்ய வேண்டிய வேலையோ அறுபது. விற்பனைக்காரர் ஒரு பக்கம் இழுப்பார், சப்போர்ட் இன்னொரு பக்கம் இழுக்கும், முதலாளிக்குக் காலையில் குளிக்கும்போது ஒரு யோசனை வந்திருக்கும். நடுவில் நின்று, 'இது முதலில், இது பிறகு, இது வேண்டவே வேண்டாம்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது எங்கள் சுவர். இப்போது எல்லாம் திரைக்குள் போய்விட்டது என்கிறார்கள். எங்களுக்கு மூன்றாவது மாடியில், ஜன்னலுக்கு எதிரே ஒரு வெள்ளைச் சுவர். அது முழுக்க மஞ்சள் சீட்டுகள். ஒரு சீட்டு ஒரு ஃபீச்சர். விற்பனைப் பிரிவு எழுதியது சிவப்பு மையில், என்ஜினீயர்கள் எழுதியது நீலத்தில், வாடிக்கையாளர்களின் போனை எடுக்கும் சப்போர்ட் பிரிவு எழுதியது பென்சிலில். அவர்களுக்கு யாரும் பேனா வாங்கித் தரவில்லை. மத்தியானம் ஏசியைக் கூட்டினால் நாலு சீட்டு கழன்று பறக்கும். டீ கொண்டுவருபவர் குனிந்து எடுத்துக் கண்ட இடத்தில் ஒட்டிவிட்டுப் போவார். அப்படி அவர் கையால் முதலிடத்துக்கு வந்து, நாங்களும் மும்முரமாகச் செய்து முடித்த ஃபீச்சர் ஒன்று உண்டு. நன்றாகவே ஓடியது. அந்தச் சுவரை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

என்னை வேலைக்கு எடுத்த மேலாளர் அந்தச் சுவர் முன்னால் நின்று ஒவ்வொரு சீட்டையும் விரலால் தொட்டு ஒரே கேள்வி கேட்பார். "இது இல்லன்னா யாரு அழுவாங்க?" ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும். 'வாடிக்கையாளர்கள்' என்று பொதுவாகச் சொன்னால் சீட்டைக் கிழித்துவிடுவார். "அழுத பிள்ளைக்குத்தான் பாலுன்னு சொல்லுவாங்க. நாம அழாத பிள்ளைக்கு ஊட்டிகினு இருக்கோம்மா" என்பார். வேலூர்க்காரர். அவர் ஓய்வு பெற்றுப் போனபோது அந்தக் கேள்வியை எனக்கு விட்டுப்போனார். பல வருடம் அதை வைத்தே காலம் தள்ளினேன். அதில் ஒரு பாதி குறைகிறது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இனி என் பொய்க்கு வருகிறேன்.

ஆரணி என்று சொன்னால் சென்னையில் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். "ஆரணியா? அப்போ பட்டு!" எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், ஆரணி ஒன்றல்ல. தறி ஓடும் ஆரணி ஒன்று, ரைஸ் மில் ஆரணி ஒன்று. நான் மில் ஆரணி. நெல் அவிக்கும் வாசனையில் வளர்ந்தவள். கூடப் படித்த சில பெண்களின் வீட்டுக்குள் தறிச் சத்தம் கேட்டிருக்கிறேன், அதுவும் வாசலோடு சரி. பட்டு என்றால் எனக்குக் கடையில் மடித்து வைத்திருக்கும் புடவை. அதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்று தெரியாது. ஆனால் யாராவது "அப்போ பட்டு!" என்றால் நான் ஒருநாளும் மறுத்ததில்லை. சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பைச் சரி செய்துகொள்வேன். ஊர்ப் பெயரில் ஒரு மரியாதை கிடைக்கிறது, வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

இந்தச் சிரிப்பு ஒருநாள் எனக்குப் பதவி வாங்கிக் கொடுத்தது. எங்கள் நிறுவனம் பட்டுப் புடவை உற்பத்தியாளர்களுக்காக ஒரு செயலி செய்யத் தீர்மானித்தது. "நம்மகிட்டயே ஆரணிக்காரங்க இருக்காங்களே" என்று பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

தொழிலைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். புடவையில் நீளவாட்டில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். உற்பத்தியாளர் பாவும் பட்டும் கொடுப்பார். சுற்றுவட்டார ஊர்களில் நெசவாளர்கள் தங்கள் வீட்டுத் தறியில் நெய்து புடவையாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு பாவு முடிந்தால் அடுத்த பாவு வர வேண்டும். வராவிட்டால் தறி சும்மா நிற்கும். எங்கள் செயலியில், ஒவ்வொரு நாள் சாயங்காலமும் நெசவாளர் தன் போனில் அன்றைக்கு எத்தனை முழம் நெய்தார் என்று பதிவு செய்வார். உற்பத்தியாளர் தன் கடையில் உட்கார்ந்தபடி எல்லாத் தறிகளையும் பார்ப்பார்.

முதலில் எங்களை நம்பி வந்த உற்பத்தியாளர் ஏகாம்பரம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எந்தத் தறி ஓடுது, எந்தத் தறி நிக்குதுன்னு பாத்த உடனே தெரியணும் மேடம். ஊர் ஊரா வண்டியில சுத்திகினு இருக்க முடியல. பேஜாரா இருக்குது." மற்ற உற்பத்தியாளர்களும் அதையேதான் கேட்டார்கள். அப்படிப் பிறந்தது சிவப்புப் புள்ளி. ஓடும் தறிக்குப் பச்சை. மூன்று நாள் பதிவு வராத தறிக்குச் சிவப்பு. எத்தனை நாள் சிவப்பாக இருந்ததோ, அடுத்த பாவு கொடுக்கும் பட்டியலில் அந்த நெசவாளர் அத்தனை தூரம் கீழே போவார்.

சுவரில் அதற்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதிய சீட்டு ஒன்றும் இருந்தது. 'தறி ஏன் நிக்குதுன்னு நெய்யறவங்க பேசறதுக்கு ஒரு இடம்.' எழுதியது சப்போர்ட்டில் இருந்த ஒரு கண்ணமங்கலத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இவள் பெயரை எழுதவில்லை. இன்று பெரிய பொறுப்பில் இருக்கிறாள், கோபித்துக்கொள்வாள்.

இரண்டு சீட்டுக்கும் மதிப்பெண் போட்டோம். நாலு கட்டம். எத்தனை பேருக்குப் பயன்படும், எவ்வளவு பயன்படும், இதெல்லாம் நமக்கு எவ்வளவு நிச்சயமாகத் தெரியும், செய்ய எவ்வளவு வேலை. முதல் மூன்றையும் பெருக்கி நாலாவதால் வகுக்க வேண்டும். பென்சில் சீட்டு முதல் கட்டத்திலேயே விழுந்துவிட்டது. நெசவாளர்கள் எங்கள் வாடிக்கையாளர்கள் இல்லை, உற்பத்தியாளர்கள்தான் வாடிக்கையாளர்கள். பேசும் இடம் இல்லை என்று யாரும் அழுததாகவும் தகவல் இல்லை.

சிவப்புப் புள்ளியின் மூன்றாவது கட்டத்துக்கு வந்தபோது ஓர் என்ஜினீயர், அதிகம் பேசாத பையன், கையைத் தூக்கினான். "மேடம், மூணு நாள் பதிவு இல்லன்னா வேலை செய்யலன்னு அர்த்தமா? வேற காரணம் இருக்காதா?"

விற்பனைத் தலைவர் சிரித்துவிட்டார். "ஆரணிக்காரங்ககிட்டயே தறியைப் பத்திக் கேக்கறியா? கேளு, கேளு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பையன் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. "தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். தலைப்பைச் சரி செய்துகொண்டு, நிச்சயம் என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து என்று என் கையால் எழுதினேன்.

புரட்டாசியில் வெளியிட்டோம். ஏகாம்பரம் போன் செய்து, "சூப்பருங்க மேடம், வண்டிக்குப் பெட்ரோல் போட்டே பத்து நாளாச்சு" என்றார். மாத அறிக்கைக்காக எண்களைப் பார்த்தபோது இன்னொரு சந்தோஷமும் கிடைத்தது. நெசவாளர்கள் தங்கள் போனில் தெரியும் சிவப்புப் புள்ளியை விரலால் திரும்பத் திரும்ப அமுக்கியிருந்தார்கள். அமுக்கினால் ஒன்றும் திறக்காது, அது வெறும் புள்ளி. ஆனாலும் ஒரே நாளில் பத்து முறை, இருபது முறை அமுக்கியவர்கள் இருந்தார்கள். 'நெசவாளர்களும் இந்த வசதியை மிகுந்த ஆர்வத்தோடு பயன்படுத்துகிறார்கள்' என்று எழுதினேன். படித்துக் காட்டியபோது கை தட்டினார்கள். கேசரி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தோம்.

அந்த வருடம் மழை முந்திக்கொண்டது, புரட்டாசி முடிவதற்குள்ளேயே பிடித்துக்கொண்டது. ஐப்பசியில் ஒருநாள் கண்ணமங்கலத்துப் பெண் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"மேடம், தேவகின்னு ஒரு அம்மா. சந்தவாசல் பக்கம், ஏகாம்பரம் சாருக்கு நெய்யறவங்க. மூணு நாளா போன் பண்ணிகினு இருக்காங்க. பாவு முடிஞ்சு போச்சாம், அடுத்த பாவு குடுக்கலயாம். லிஸ்ட்ல கடைசில இருக்காங்க."

"யாருக்குப் பாவு குடுக்கறதுன்னு உற்பத்தியாளர் எடுக்கற முடிவும்மா அது. நம்ம கையில என்ன இருக்கு?"

"நம்ம புள்ளிதானே மேடம் எடுத்துச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. "சீட்டுல எழுதி ஒட்டு. அடுத்த கூட்டத்துல பேசலாம்" என்றேன்.

"ஒட்டி மாசக்கணக்காச்சு மேடம். அங்கதான் இருக்குது."

அவள் நகரவில்லை. தேவகியின் கணவர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருந்தார். அவரை விட்டுவிட்டு வெளி வேலைக்குப் போக முடியாது. வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய வேலை அந்தத் தறி ஒன்றுதான். தை மாதக் கல்யாணங்களுக்காக ஊரே நெய்துகொண்டிருந்த நேரத்தில் அவர் தறி மட்டும் நின்றிருந்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் கேட்டாள், "சனிக்கிழமை நான் ஊருக்குப் போறேன். நீங்க ஆரணிதானே மேடம், வர்றீங்களா? ஒரு எட்டு நேர்ல பாத்துட்டு வந்துடலாம்."

ஒரு தறி வீட்டுக்குள் நுழைந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது இந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். தேவகியின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைவிட அதுதான் அந்த நிமிடம் எனக்குப் பெரிதாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தலைவலி, விருந்தாளி என்று நாலு சாக்கு வாய்வரை வந்தது. அவள் பார்த்த பார்வையில் ஒன்றும் எடுபடவில்லை, சரி என்றுவிட்டேன்.

சனிக்கிழமை காலை சந்தவாசலில் சந்தித்தோம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு சேற்றில் கொஞ்ச தூரம் நடை. ஓடு வேய்ந்த வீடு. உள்ளே நுழைந்ததும் ஒரு பக்கம் கட்டிலில் கணவர், மறுபக்கம் தறி. தேவகிக்கு நாற்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் பாயை விரித்தார். தறியில் முடிந்துபோன பாவின் நுனி இழைகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. புதுப் பாவு வந்தால் அதன் இழைகளை இவற்றோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பார்களாம்.

"மழை ஆரம்பிச்சப்ப பாவுல கடைசிப் புடவை தறியில இருந்துச்சு மேடம்" என்றார் தேவகி. "குழியில தண்ணி ஊற ஆரம்பிச்சுடுச்சு. இறைச்சு ஊத்திகினே இருந்தேன், ஊறிகினே இருந்துச்சு. இத பாருங்க, இது வரைக்கும்."

தறிக்குக் கீழே ஒரு குழி. அதன் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிந்தது. முழங்காலுக்கு மேல் இருக்கும். பட்டு ஈரத்தைக் குடித்துவிட்டால் இழை சொன்னபடி கேட்காது என்றார். டிசைனுக்காகத் தறியில் மாட்டும் அட்டைகளும் நமுத்துப்போயின. பதினோரு நாள் தறியைத் தொட முடியவில்லை. தண்ணீர் வற்றியதும் உட்கார்ந்து மீதியை முடித்துப் புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். புடவையில் ஒரு குறை கிடையாது. ஆனால் அந்தப் பதினோரு நாளில் எட்டு நாள் சிவப்பு.

நான் ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். "குழியில தண்ணி இருந்தா மேலயே ஓரமா உட்கார்ந்து நெய்ய முடியாதாம்மா?"

கட்டிலில் படுத்திருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். தேவகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கால் குழிக்குள்ள இருந்தாதானே மேடம் மிதிக்கட்டைய மிதிக்க முடியும்?" பிறகு, "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

"ஆரணிங்க."

"ஆரணில தறிக்காரங்க வீடா?"

கண்ணமங்கலத்துப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னையாக இருந்தால் சிரித்திருப்பேன். அந்தக் குழிக்குப் பக்கத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இல்லம்மா. எங்கப்பா ரைஸ் மில்லுல இருந்தாரு."

"அப்ப உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் தேவகி. குத்திக்காட்டவில்லை. எனக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்புறம் தன் போனை எடுத்துக் காட்டினார். "இந்தப் புள்ளி சிவப்பாச்சா, எனக்கு பயம் வந்துடுச்சு. இதுல எங்கியாவது 'ஏன் நின்னுச்சு'ன்னு கேக்கும், தண்ணி வந்த கதைய சொல்லிடலாம்னு பாத்தேன். கேக்கவே இல்ல. ஒருவேள அமுக்கினா கேக்குமோன்னு அமுக்கி அமுக்கிப் பாத்தேன். தெனமும் அமுக்குவேன். பக்கத்து வீட்டுலயும் அப்படித்தான் அமுக்கிகினு இருந்தாங்க."

கேசரியை நினைத்துக்கொண்டேன். ஆர்வத்தோடு பயன்படுத்துகிறார்கள் என்று நான் எழுதிக் கைதட்டல் வாங்கியது இதைத்தான். பூட்டிய கதவை வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எத்தனை முறை தட்டினார்கள் என்பதுகூட எங்களிடம் துல்லியமாக இருந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். அழுகை வந்தது.

ஆரணிக்குத் திரும்பும் பேருந்தில் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரைஸ் மில்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "இது இல்லன்னா யாரு அழுவாங்கன்னு கேக்கறீங்க மேடம். நல்ல கேள்விதான். ஆனா இது இருந்தா யாரு அழுவாங்கன்னு யாருமே கேக்கல."

எனக்குப் பாதி வயது அவளுக்கு. என் பழைய மேலாளர் விட்டுப்போன கேள்வியின் மறுபாதியை எனக்குக் கொடுத்தவள் அவள்தான்.

அன்றைக்கே ஏகாம்பரத்தைக் கடையில் போய்ப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "பல வருஷமா எனக்கு நெய்யறாங்க மேடம் அந்தம்மா. முன்ன மாதிரி நான் வண்டியில போயிருந்தா வாசல்லயே தண்ணி தெரிஞ்சிருக்கும். நீங்க சிவப்புன்னீங்க, நானும் சிவப்புன்னுட்டேன்." அவர் கையில் அப்போது பாவு இல்லை, எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அடுத்த பாவு தயாரானதும் முதலில் தேவகிக்குத்தான் என்றார். அதற்கு மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் பக்கத்து வீட்டுப் பெண் நோயாளியைப் பார்த்துக்கொள்ள, தேவகி களை எடுக்கப் போனார். அந்த நாட்களை என்னால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

திங்கட்கிழமை கூட்டம். சிவப்புப் புள்ளியை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், பேசும் இடத்தைச் செய்து முடித்த பிறகுதான் திரும்ப வைக்க வேண்டும் என்றேன். விற்பனைத் தலைவர் கொதித்துவிட்டார். புதிதாக மூன்று உற்பத்தியாளர்கள் அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் வரச் சம்மதித்திருந்தார்கள். "ஒரு வீட்டுல தண்ணி வந்ததுக்கு எல்லாருக்கும் பிடிச்ச ஃபீச்சரைத் தூக்கறதா? பேசற இடம் செய்யறவரைக்கும் இது பாட்டுக்கு இருக்கட்டுமே" என்றார். அதுவும் நியாயம் மாதிரிதான் இருந்தது. ஆனால் மழை இன்னும் ஒரு மாதம் இருந்தது. எத்தனை வீட்டுக் குழிகளில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததோ எங்களுக்குத் தெரியாது.

நிறுவனத் தலைவி பழைய அட்டவணையை என் பக்கம் தள்ளினார். "நிச்சயம்னு பத்துக்குப் பத்து போட்டது நீங்க. இன்னைக்கு அதே நிச்சயத்தோட எடுக்கணும்னு சொல்றீங்க. எந்தப் பேச்சை நான் நம்பறது?"

தப்பிக்க வழி இருந்தது. உற்பத்தியாளர்கள் சொன்னதை வைத்துப் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம், ஏகாம்பரத்தின் தலையில் கட்டியிருக்கலாம். மேஜையின் கடைசியில் அதிகம் பேசாத அந்த என்ஜினீயர் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"எனக்குத் தெரிஞ்சு போடல மேடம். நான் ஆரணிதான், ஆனா ரைஸ் மில் ஆரணி. தறி இருக்கற வீட்டுக்குள்ள முதல் தடவையா காலை வெச்சது போன சனிக்கிழமைதான். ஆரணின்னாலே பட்டுன்னு நீங்க எல்லாரும் நினைச்சீங்க, நான் இல்லன்னு சொல்லல. அந்தப் பத்து என் ஊர்ப் பேருக்குப் போட்டது."

ஏசிக் காற்றில் ஒரு சீட்டு கழன்று விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. நான் பேனாவை எடுத்து அந்தப் பத்தை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன். ஒரு வீட்டைப் பார்த்ததற்கு ஒன்று, ஓர் உற்பத்தியாளரிடம் பேசியதற்கு ஒன்று. பெருக்கிப் பார்த்தால் சிவப்புப் புள்ளி பட்டியலில் எங்கோ கீழே போய்விட்டது. தலைவி சாயங்காலத்துக்குள் அதை எடுக்கச் சொன்னார். அதே மூச்சில், இனிமேல் மூன்றாவது கட்டத்தை நான் நிரப்பக் கூடாது, போன் எடுக்கும் சப்போர்ட் பிரிவுதான் நிரப்ப வேண்டும் என்றும் சொன்னார். கண்ணமங்கலத்துப் பெண்ணுக்கு அன்று பேனா கிடைத்தது. மூன்று உற்பத்தியாளர்களில் ஒருவர் வரவில்லை. எனக்கு அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வும் வரவில்லை. விற்பனைத் தலைவர் என்னோடு பேசவே இரண்டு மாதம் ஆயிற்று, பிறகு அவராகவே டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் நான் இந்த வேலையை உண்மையாகச் செய்தேன் என்று தோன்றுகிறது. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு தறி வீட்டில் போய் உட்காருவேன். அசட்டுக் கேள்விகளாகக் கேட்டுத் தள்ளுவேன். மில்காரர் வீட்டுப் பெண் வந்துவிட்டாள் என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஓய்வு பெற்ற பிறகு எதை இழந்ததாக உணர்கிறேன் என்று யாராவது கேட்டால், அந்தச் சனிக்கிழமைகளைத்தான் சொல்வேன்.

கார்த்திகையில் தேவகிக்குப் பாவு வந்தது. மார்கழிப் பிறப்பையொட்டிப் பேசும் இடத்தை முடித்தோம், அதோடு புள்ளியும் திரும்ப வந்தது. ஒரு பொத்தான், அமுக்கினால் நெசவாளர் தன் குரலில் காரணத்தைச் சொல்லலாம். அது வெளியான வாரத்தில் எல்லோரும் மூன்றாவது மாடியில் கூடி, முதல் செய்தி எப்போது வரும் என்று காத்திருந்தோம். மழை, காய்ச்சல், பாவு பிணைக்க ஆள் வரவில்லை, இப்படி ஏதாவது ஒன்று வரும் என்று எதிர்பார்த்தோம். ஒருநாள் காலை வந்தது. தேவகியின் குரல்.

"வணக்கம் மேடம், தேவகி பேசறேன். என் தறி பச்சை காட்டிகினு இருக்குது. ஆனா இன்னிக்கு நான் நெய்யல. அமாவாசை, தறிய தொடமாட்டோம். பாக்கறவங்க ஓடிகினு இருக்குதுன்னு நெனைச்சுக்குவாங்க. அது பொய்யா இருக்கக் கூடாதுன்னு சொல்றேன். நாளைக்கு ஓட்டிடுவேன்."

அமாவாசைக்கு எங்கள் பக்கம் தறி ஓடாது. ரைஸ் மில் ஆரணியில் பிறந்த எனக்கும் அது தெரியும், ஆனாலும் 'வேற காரணம் இருக்காதா' என்று அந்தப் பையன் கேட்டபோது தோன்றவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நான் அதை இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். சிவப்பால் அத்தனை பட்டவர் அந்த அம்மா. தனக்குச் சாதகமாகத் தெரிந்த ஒரு பச்சையை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. நானோ ஊர்ப் பெயருக்குப் போட்ட என் பத்தைத் தேவகியின் வீட்டுக்குப் போகும்வரை வைத்திருந்தேன்.